காற்றடிக்கும் தீவில் சிறு முக்காலி: தெளிவான பயணப் படங்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

மொரீஷியசில் கேமராவோடு சுற்றத் தொடங்கியிருக்கும் நம் இளைஞர்களும், தமிழ்நாட்டிலிருந்தோ ரீயூனியனிலிருந்தோ உறவினர் வீட்டுக்கு வந்து தீவைச் சுற்றிப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். வெயிலில் எடுத்த படங்கள் கூர்மையாக இருக்கின்றன. பொழுது சாய்ந்தபின் எடுத்தவை எல்லாம் கலங்கிப் போகின்றன. முக்காலி வாங்கிய பிறகும் அந்தக் குறை தீரவில்லை என்று சொல்பவர்களும் அவர்களுக்குள் உண்டு. அப்படிப்பட்டவர்களின் முக்காலியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தால், அநேகமாக எல்லோரும் அதன் கால்களைக் கடைசிக் கணு வரை இழுத்து, நடுத்தண்டையும் மேலே தூக்கி, தங்கள் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பயணத்துக்கென்று மெலிதாகச் செய்யப்பட்ட முக்காலி அந்த உயரத்தில் நாணல்போல ஆடும். அதையே இடுப்பளவுக்கோ அதற்கும் கீழோ இறக்கி, தரையில் உட்கார்ந்து படமெடுத்தால், கனமான முக்காலிக்கு ஈடாக அது உழைக்கும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் பலவும் இந்த ஒரு செய்தியிலிருந்து கிளைப்பவையே.

எப்போது முக்காலி தேவை

கையில் பிடித்து எடுக்கும் படம் அசையாமல் விழுவதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸின் குவிய நீளம் எத்தனை மில்லிமீட்டரோ, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு வினாடியை அத்தனை கூறிட்டதில் ஒரு கூறுக்கு மேல் போகக்கூடாது. அதாவது 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 வினாடி, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 வினாடி. சிறிய சென்சார் (படத்தைப் பதியும் ஒளியுணர் தகடு) உள்ள கேமராக்களில் குவிய நீளத்தை 1.5 அல்லது 1.6 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பதால், அதே 50 மி.மீ. லென்ஸுக்கு 1/80 வினாடி தேவைப்படும். இன்றைய 24 மெகாபிக்சல் சென்சார்கள் மிகச் சிறிய அசைவையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் கறாராகவே கடைப்பிடிப்பது நல்லது.

லென்ஸிலோ கேமராவிலோ அதிர்வுத் தடுப்பு வசதி இருந்தால் இந்த எல்லையை மூன்று நான்கு படிகள் தளர்த்திக்கொள்ளலாம் (ஒரு படி என்பது வெளிச்சமோ நேரமோ இருமடங்காவது அல்லது பாதியாவது). எனவே நடுப்பகலில் பெல் மார் கடற்கரையில் நின்று கடலை எடுக்க முக்காலி தேவையில்லை. அங்கே அது வெறும் சுமை. வெளிச்சம் குறைந்து ஷட்டர் நேரம் 1/15 வினாடியைத் தாண்டி நீளும்போதும், அருவி நீரை வெண்பட்டாக நெகிழவிட வேண்டியபோதும், நகர விளக்குகளையும் நட்சத்திரங்களையும் எடுக்கும்போதும், வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படங்கள் எடுத்துப் பின்னர் ஒன்றாக இணைக்கும்போதும்தான் அது தன் எடைக்கான பலனைத் தரும். இன்னொரு பயனும் உண்டு. முக்காலியில் கேமராவைப் பூட்டியதும் சட்டகத்தின் நான்கு மூலைகளையும் நிதானமாகப் பார்க்கிறோம். ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் மின்கம்பி அப்போதுதான் கண்ணில் படும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடையில் முக்காலியை முழு உயரத்துக்கு இழுத்து நிறுத்திக் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, நடுத்தண்டைத் தூக்காமல் அது எவ்வளவு உயரம் நிற்கும் என்பதும், கால்களை அகல விரித்தால் எவ்வளவு தாழும் என்பதுமே. நடுத்தண்டைத் தூக்கிய முக்காலி உண்மையில் ஒற்றைக் காலில் நிற்பதற்குச் சமம். மடித்தால் 35 முதல் 45 சென்டிமீட்டர் நீளத்திலும், ஒன்று முதல் ஒன்றரை கிலோ எடையிலும் இருப்பவை பயணத்துக்கு ஏற்றவை. ஒரு கிலோவுக்கும் குறைந்தவை போனுக்கும் மிகச் சிறிய கேமராவுக்கும் மட்டுமே போதும்.

காலின் கணுக்கள் கூடக்கூட மடித்த நீளம் குறையும். ஆனால் கடைசிக் கணு பென்சில் அளவுக்கு மெலிந்துவிடும். ஐந்து கணுக்கள் உள்ளதைவிட நான்கு கணுக்கள் உள்ளது உறுதியானது என்பதால், பையில் இடமிருந்தால் நான்கையே தேர்ந்தெடுங்கள். தாங்கும் எடை என்று நிறுவனங்கள் அச்சிடும் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் கேமராவும் மிகக் கனமான லென்ஸும் சேர்ந்து எவ்வளவு எடையோ, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும் என்று எழுதியிருப்பதை வாங்குவது பாதுகாப்பானது.

அலுமினியமா, கார்பன் ஃபைபரா என்ற கேள்விக்கு என் பதில் பணப்பையைப் பொறுத்தது. கார்பன் ஃபைபர் எடை குறைந்தது, அதிர்வையும் விரைவில் அடக்கும். விலை மட்டும் பெரும்பாலும் இருமடங்கு. கடலோரத்தில் அடிக்கடி எடுப்பவருக்கு அதில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. உப்புக்காற்றில் அலுமினியக் குழாய்கள் நாளடைவில் வெள்ளை பூத்து அரிக்கும். கார்பன் குழாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டிலும் திருகுகள் உலோகமே என்பதால் கழுவும் வேலையிலிருந்து யாருக்கும் விடுதலை கிடையாது.

தலைப்பகுதியைப் பொறுத்தவரை, ஒரே திருகில் எந்தப் பக்கமும் சாய்த்துப் பூட்டக்கூடிய பால் ஹெட் (உருண்டைத் தலை) பயணத்துக்கு வசதியானது. கேமராவின் அடியில் திருகும் தகடு, ஆர்க்கா ஸ்விஸ் அளவில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்; பல நிறுவனங்களின் தகடுகள் அந்த அளவையே பின்பற்றுவதால், ஒன்று தொலைந்தால் மாற்று கிடைப்பது எளிது. நடுத்தண்டின் அடியில் பை மாட்டும் கொக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நிறுத்தும் முறை

முக்காலியை விரிப்பதற்கு முன் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து, குனிந்து, உட்கார்ந்து, எந்த இடத்திலிருந்து எந்த உயரத்தில் படம் நன்றாக அமைகிறது என்று கண்டுபிடியுங்கள். முதலில் முக்காலியை நட்டுவிட்டால், அது நின்ற இடத்திலேயே படத்தைத் தேடும் சோம்பல் வந்துவிடும். இடம் முடிவான பிறகே கால்களை விரிக்க வேண்டும்.

கால்களை நீட்டும்போது மேலே உள்ள தடித்த கணுவிலிருந்து தொடங்குங்கள். கடைசி மெல்லிய கணுவை, வேறு வழியே இல்லாதபோது மட்டும் இழுங்கள். நடுத்தண்டு அடியிலேயே இருக்கட்டும். மூன்று கால்களில் ஒன்று லென்ஸ் நோக்கும் திசையில் முன்னால் நீண்டிருந்தால், கனமான லென்ஸ் முன்பக்கம் சாயாது. மற்ற இரண்டு கால்களுக்கும் நடுவில் நீங்கள் இடறாமல் நிற்கவும் உட்காரவும் இடம் கிடைக்கும். சரிவில் நிற்கிறீர்கள் என்றால் இந்த விதியைவிட இன்னொன்று முக்கியம்: ஒரு கால் கட்டாயம் பள்ளத்தை நோக்கி இருக்க வேண்டும், இரண்டு கால்கள் மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும். கோர் த கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலுக்கு ஏறும் வழியிலிருந்து கீழே விளக்கேற்றும் ஊரைப் படம் எடுக்க விரும்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது தரை. மணலில் ஒவ்வொரு காலையும் அழுத்தி, சற்றுத் திருகி, இனி இறங்காது என்னும் வரை உள்ளே செலுத்துங்கள். அலை வந்து போகும் ஈர மணலில் ஒவ்வொரு அலையும் காலடியிலுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும் என்பதால், அலை திரும்பிய பிறகு கால்களை மறுபடி அழுத்தி, அடிவானக் கோடு சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நம் தீவின் கருங்கல் பாறைகளில் ரப்பர் பாதங்கள் நன்றாகப் பற்றும். பாசி படிந்த இடத்தில் எதுவுமே பற்றாது, நீங்களும் அங்கே நிற்காதீர்கள். பலகை பதித்த பார்வையிடத் தளங்களிலும் நடைபாலங்களிலும் பக்கத்தில் ஒருவர் நடந்தாலே அதிர்வு கால்வழியே ஏறும். அவர் கடந்து போகும்வரை காத்திருப்பதே அங்கே உள்ள ஒரே வழி.

கேமராவில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

முக்காலியில் ஏற்றியதும் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். இல்லாத அசைவைத் தேடி அந்தக் கருவி தானே அசையத் தொடங்கிப் படத்தைக் கெடுப்பதுண்டு. முக்காலியில் இருப்பதைத் தானாக உணரும் புதிய லென்ஸ்கள் இருக்கின்றன என்றாலும், அணைத்துவைப்பதால் நட்டம் ஒன்றுமில்லை. படமெடுத்து முடித்துக் கையில் எடுக்கும்போது மீண்டும் இயக்க மறக்காமல் இருந்தால் சரி.

ஷட்டர் பொத்தானை விரலால் அழுத்தும் அசைவே பல படங்களைக் கெடுக்கிறது. ரிமோட் இல்லாவிட்டால் செல்ஃப் டைமரை 2 வினாடிக்கு வையுங்கள்; மெல்லிய முக்காலியில் பெரிய லென்ஸ் இருந்தால் 10 வினாடிக்கே வையுங்கள். கண்ணாடி உள்ள பழைய வகை டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் கண்ணாடி மேலே அடித்து எழும்பும் அதிர்ச்சி, 1/30 வினாடியிலிருந்து ஒரு வினாடி வரையிலான படங்களில் அதிகம் தெரியும். லைவ் வியூவில் (காட்சியைப் பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறை) வைத்து எடுத்தால் கண்ணாடி முன்பே மேலேறி நின்றுவிடும். மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தொல்லை இல்லை.

ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனின் அளவு) 100 அளவில் வைத்து, அப்பெர்ச்சரை (ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) எஃப் 8 முதல் எஃப் 11 வரைக்குள் வைத்துத் தொடங்குங்கள். முழுக்காட்சியும் தெளிவாக வேண்டும் என்று எஃப் 22 வரை மூடுபவர்கள், ஒளி சிறு துளையில் வளைந்து பரவுவதால் மொத்தப் படத்தின் கூர்மையையும் இழக்கிறார்கள். ஃபோகஸுக்கு லைவ் வியூவில் உங்கள் முக்கியப் பொருளைப் பெரிதாக்கிப் பார்த்து, கையால் சரிசெய்து, அதன்பின் தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். எடுத்த முதல் படத்தையும் அதேபோலப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் சிறு திரையில் எல்லாப் படமும் தெளிவாகத்தான் தோன்றும். பெரிதாக்கும்போது பாறையின் விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிந்தால் முக்காலி அசைந்திருக்கிறது, எல்லாமே ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது.

காற்று

இந்தத் தீவில் முக்காலியின் முதல் எதிரி காற்று. ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான குளிர்மாதங்களில் வலுக்கிறது. வானம் தெளிந்திருக்கும் நல்ல மாதங்களும் பெரும்பாலும் அவையே. ஆகவே புதியவர்கள் பயிற்சியை மேற்குக் கரையில் தொடங்குவது நல்லது. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், தமரின் போன்ற இடங்களில் தீவின் மேட்டுநிலம் காற்றை ஓரளவு தடுக்கிறது. சூரியன் கடலில் மறைவதும் அந்தப் பக்கமே. கிழக்கே பெல் மாரில் விடியலை எடுக்கப் போனால் காற்றும் உப்புத்துளியும் நேராக லென்ஸின் முகத்தில் அடிக்கும். தென்மேற்கு மூலையில் இருந்தாலும் லெ மோர்ன் இந்தக் கணக்குக்கு அடங்காது. அங்கே மலையைச் சுற்றி வளைந்து வரும் காற்றை நம்பித்தான் பட்டத்தில் அலைச்சறுக்கு ஆடுபவர்கள் உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு நல்ல நாள் என்றால் முக்காலிக்குக் கெட்ட நாள்.

காற்றில் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, தாழ்த்துவது. கால்களை அடுத்த கோணத்துக்கு விரித்து, கேமராவை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கேமராவின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள் அல்லது சுருட்டிக் கட்டுங்கள். காற்றில் படபடக்கும் பட்டை முக்காலியை இடைவிடாமல் உதறிக்கொண்டே இருக்கும். நடுத்தண்டின் கொக்கியில் பையை மாட்டுவது நல்ல யோசனைதான், ஆனால் அந்தரத்தில் தொங்கும் பை ஊஞ்சலாடி முக்காலியையும் சேர்த்து ஆட்டும். பையின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பட்டையைச் சரிசெய்து மாட்டினால்தான் அதன் எடை பயன்படும். லென்ஸின் முன்னால் உள்ள ஹூட் பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும் என்பதால், வெயில் நேராக விழாதபோது அதையும் கழற்றிவிடலாம். இவற்றுக்குப் பிறகும் நடுங்கினால், உங்கள் உடலையே காற்று வரும் பக்கம் திரையாக வைத்து உட்காருங்கள். காருக்குப் பின்னாலோ, ஃபிலாவோ என்று இங்கே அழைக்கப்படும் சவுக்கு மரத்தின் அடிமரத்துக்குப் பின்னாலோ ஒதுங்குவதும் கைகொடுக்கும்.

இவ்வளவு செய்தும் முக்காலியால் ஆகாதது ஒன்று உண்டு. அது கேமராவைத்தான் நிறுத்தும், காட்சியை நிறுத்தாது. காற்றில் ஆடும் தென்னை ஓலையும், பூத்து நிற்கும் கரும்பின் வெள்ளிநிறக் கதிர்களும், கரையோரம் அசையும் மீன்பிடிப் படகும் 2 வினாடி ஷட்டரில் புகையாகத்தான் விழும். அந்தப் புகை உங்களுக்கு வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் ஐஎஸ்ஓவை 800 அல்லது 1600க்கு உயர்த்தி ஷட்டர் நேரத்தைக் குறைக்க வேண்டும். முக்காலியில் இருக்கும்போது ஐஎஸ்ஓவை உயர்த்துவது குற்றம் என்ற எண்ணம் புதியவர்களிடம் எப்படியோ பரவியிருக்கிறது. அதில் பொருளில்லை.

அருவியும் கடலும்

ஷமரேல் அருவியைப் பெரும்பாலோர் தூரத்துப் பார்வையிடத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். அங்கே நீண்ட லென்ஸும் அசையாத முக்காலியும் வேண்டும். சூயாக் ஊருக்கு அருகில் கருங்கல் தூண்களின்மேல் விழும் ரோச்செஸ்டர் அருவிக்குக் கிட்டேயே போகலாம் என்பதால், பழகுவதற்கு அது நல்ல இடம். ஷட்டர் நேரத்தை 1/4 வினாடியிலிருந்து 2 வினாடி வரை மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். 1/4 வினாடியில் நீரின் இழைகள் தெரியும். 2 வினாடிக்கு மேல் போனால் அது வெறும் வெள்ளைத் துணியாகிவிடும். என் விருப்பம் அரை வினாடிக்கு அருகில்தான். போலரைசர் ஃபில்டர் ஈரப்பாறையின் பளபளப்பையும் இலைகளின் மினுக்கத்தையும் குறைத்துப் பச்சையைத் தெளிவாக்கும், அதோடு ஒன்று அல்லது இரண்டு படி வெளிச்சத்தையும் குறைக்கும்; மேகமூட்டமான நாளில் அதுவே போதும்.

வெயில் இருந்தால் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் தேவை. 6 படி ஃபில்டர் ஒளியை 64இல் ஒரு பங்காகவும், 10 படி ஃபில்டர் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைக்கும். ஆகவே ஃபில்டர் இல்லாமல் 1/60 வினாடி காட்டும் காட்சி, 6 படி ஃபில்டரில் ஏறக்குறைய ஒரு வினாடியாகவும், 10 படி ஃபில்டரில் 17 வினாடியாகவும் நீளும். கரிய ஃபில்டர் வழியே பெரும்பாலும் கேமராவால் ஃபோகஸ் செய்ய முடியாது என்பதால், முதலில் காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து, அதைப் பூட்டிய பிறகே ஃபில்டரை மெல்லத் திருக வேண்டும். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் நீண்ட படங்களின்போது பின்பக்கம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை ஒரு துணியால் மூடட்டும்; அதன் வழியே நுழையும் ஒளி படத்தின்மேல் கறையாக விழும்.

தெற்கே கிரி கிரி கடற்கரையில் பவளத்திட்டு விலகி இருப்பதால் பெருங்கடலின் அலை நேராகப் பாறையில் மோதுகிறது. நீண்ட ஷட்டருக்கு அருமையான இடம். ஆனால் முக்காலியைக் குன்றின் மேலேயே நிறுத்துங்கள். கீழ்ப்பாறைகளுக்கு இறங்க வேண்டாம். வ்யூஃபைண்டரில் கண் வைத்திருப்பவருக்குப் பெரிய அலை வருவது தெரியாது.

மாலையும் நகர விளக்கும்

மொரீஷியஸ் 20 பாகை தென் அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்திநேரம் ஐரோப்பாவில் இருப்பதுபோல நீளாது. மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடங்களில் இருட்டு கவியத் தொடங்கிவிடும். ஜூனில் ஏறக்குறைய மாலை 5.45 மணிக்கும், டிசம்பரில் 6.50 மணி வாக்கிலும் சூரியன் மறைகிறது. மறைவுக்கு அரைமணி முன்பே முக்காலி நின்றுகொண்டிருக்க வேண்டும். போர்ட் லூயிஸின் கோடான் துறைமுகக் கரையிலோ, சிக்னல் மலையின் மேலிருந்தோ நகரை எடுப்பதானால், வானத்தின் நீலமும் விளக்குகளின் மஞ்சளும் ஒத்துவரும் அந்தச் சில நிமிடங்கள் மறைவுக்குப் பின் கால்மணி நேரத்தில் வரும். எஃப் 11 வைத்தால் தெருவிளக்குகள் நட்சத்திரம்போலக் கதிர்விடும். வானம் மிக வெளிச்சமாகவும் தரை கறுப்பாகவும் தெரிந்தால், முக்காலியைத் தொடாமல், இரண்டு படி குறைவு, சரியான அளவு, இரண்டு படி கூடுதல் என மூன்று படங்கள் தானாக எடுக்கும்படி கேமராவில் வைத்துவிடுங்கள்.

நட்சத்திரங்கள்

குளிர்காலத்தில் பால்வீதியின் நடுப்பகுதி நம் தலைக்கு மேலே வருகிறது. வடக்கில் உள்ள நாடுகளில் அடிவானத்தை ஒட்டித் தெரிவது இங்கே உச்சியில் நிற்பது பெரும் பேறு என்றாலும், படம் எடுப்பவருக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. ஜூலை நடுவில் இரவு பத்தரை மணி வாக்கில் அது உச்சிக்கு வந்துவிடுவதால், மலையையோ கடலையோ சேர்த்து ஒரே சட்டகத்தில் அடக்க முடியாது. அதே பால்வீதி செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேற்குத் தென்மேற்கில் சாய்ந்து நிற்கும். அந்த நாட்களில் மேற்குக் கரையில் நின்றால் கடலுக்கு மேலே அதை வைத்து எடுக்கலாம். நிலவில்லாத இரவாகப் பாருங்கள்.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக நீளாமல் இருக்க, 500ஐ குவிய நீளத்தால் வகுத்தால் வரும் வினாடிகளுக்குள் எடுத்துவிட வேண்டும். 20 மி.மீ. லென்ஸுக்கு 25 வினாடி. கறாராகப் பார்ப்பவர்களுக்கு 15 வினாடியே. அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ 3200 அளவில் தொடங்கி, ஒளிமிக்க ஒரு நட்சத்திரத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி அது சிறு புள்ளியாகும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். மாறாக, நட்சத்திரங்கள் வட்டமாகச் சுழலும் படம் வேண்டுமென்றால் தெற்கு நோக்குங்கள். வான்துருவம் நம் அட்சரேகை அளவே, அதாவது தெற்கு அடிவானத்துக்கு 20 பாகை மேலே இருக்கிறது. அங்கே துருவ நட்சத்திரம் என்று பிரகாசமாக எதுவும் இல்லை. தென்சிலுவையின் நீண்ட கோட்டை அதன் நீளத்தைப்போல நாலரை மடங்கு நீட்டினால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேரலாம். தென்கரையில் நிற்பவருக்கு அந்த வட்டங்கள் கடலுக்கு மேலேயே விழும்.

மேட்டுநிலத்தில், கியூர்பைப் பக்கமும் கங்கா தலாவ் ஏரிப் பக்கமும், இரவில் தூறலும் மூடுபனியும் சட்டென வரும். அங்கே குளிர்ந்த கேமராவோடு கடற்கரைக்கு இறங்கினால் லென்ஸ் வியர்த்துவிடும். கேமராவைப் பைக்குள்ளேயே கால்மணி நேரம் வைத்திருந்து எடுங்கள். துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

கோயிலும் திருவிழாவும்

தைப்பூசக் காவடி நாளில் முக்காலியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வெறுங்காலோடு, அலகு குத்தி, காவடி சுமந்து வருகிறவர்களின் வழியில் மூன்று கால்களை நீட்டிவைப்பது ஆபத்தும் மரியாதைக் குறைவும் ஆகும். அன்றைக்கு வெளிச்சம் போதிய அளவு இருக்கும். இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை உயர்த்திக் கையிலேயே எடுக்கலாம். தீமிதி இரவில் தூர நின்று எடுப்பவர்களுக்கு ஒற்றைக்கால் தாங்கி போதும், கூட்டத்தில் அது இடத்தையும் அடைக்காது.

கூட்டமில்லாத நாட்களில் நிலைமை வேறு. போர்ட் லூயிஸில் கைலாசன் என்று எல்லோரும் சொல்லும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலின் கோபுரத்தை அந்திநேரத்தில் எடுக்க முக்காலி மிக உதவும். கோபுரம் பின்பக்கம் சாய்வதுபோல விழாமல் இருக்க, கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல், சற்றுத் தள்ளி நின்று மட்டமாக வைத்து எடுங்கள். வளாகத்துக்குள் எடுப்பதானால் கோயில் நிர்வாகத்தினரிடமோ ஐயரிடமோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். நாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும்போது, நேற்றைய கடற்கரைச் சேறு ஒட்டிய முக்காலியின் பாதங்களைத் துடைக்காமல் கொண்டுபோவது நியாயமில்லை.

முக்காலி இல்லாதபோதும், போன் மட்டும் உள்ளபோதும்

முக்காலியை அனுமதிக்காத இடங்களில் ஒரு கிலோ துவரம்பருப்பைத் துணிப்பையில் கட்டி, மதில்மேல் வைத்து, அதில் கேமராவை அமுக்கி வையுங்கள். செல்ஃப் டைமரோடு இது பல வினாடிகள் வரை தாங்கும். போனுக்கு ஒரு பிடிப்பானும் கையளவு முக்காலியும் போதும். பல போன்கள் தாங்கள் அசையாமல் இருப்பதை உணர்ந்தால் இரவு முறையில் ஷட்டர் நேரத்தைத் தாமே நீட்டிக்கொள்ளும். 3 வினாடி டைமர் வைக்க மட்டும் மறக்காதீர்கள்.

வீடு திரும்பியதும்

கடலில் நின்ற முக்காலியை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கால்களை மடித்தபடி கழுவினால் மணல் கணுக்களுக்குள் தங்கிவிடும். எல்லாக் கணுக்களையும் இழுத்து, பூட்டுகளின்மேல் தண்ணீர் ஓடவிட்டு, நிழலில் விரித்தே உலர்த்துங்கள். திருகுப்பூட்டு உள்ள முக்காலி திருப்பும்போது நறநறவென்றால் உள்ளே மணல் புகுந்திருக்கிறது. பூட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் வில்லைகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, துடைத்து மாட்டுங்கள். பால் ஹெட்டின் உருண்டைக்கு எண்ணெய் விடக்கூடாது. விட்டால் அது பூட்டாமல் வழுக்கும்.

விமானத்தில் போகிறவர்கள் முக்காலியைக் கையில் எடுத்துப்போவதா, பெட்டியில் போடுவதா என்று குழம்புவார்கள். பல நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதிக்கின்றன. கேமராவும் லென்ஸுகளுமே அதை எட்டிவிடும். சில விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில், ஆணி முனை உள்ள முக்காலியை உள்ளே விடமாட்டார்கள். தலைப்பகுதியைக் கழற்றிக் கேமராப் பையில் வைத்துவிட்டு, கால்களைத் துணிகளுக்கு நடுவில் சுற்றிப் பெரிய பெட்டியில் போடுவதே தொல்லையில்லாத வழி. தகட்டைத் திருக உதவும் சிறு சாவியையும் கால்களோடு அதே பெட்டியில் போட்டுவிடுங்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் முதலில் தேடப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.